பங்க், ப்ராக், பத்திரிகைக்காரர்கள்

1976 டிசம்பர் 1, புதன்கிழமை மாலை. லண்டனில் தேம்ஸ் தொலைக்காட்சியின் 'டுடே' நிகழ்ச்சிக்கு க்வீன் இசைக்குழு வரவேண்டியது, கடைசி நேரத்தில் வரமுடியாமல் போனது. இடத்தை நிரப்ப அதே ஈஎம்ஐ கம்பெனியிலிருந்து செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற புதுப் பையன்களை அனுப்பிவைத்தார்கள். தொகுப்பாளர் பில் கிரண்டி அவர்களைச் சீண்டினார். பையன்கள் நேரலையில் கெட்ட வார்த்தைகளைக் கொட்டித் தீர்த்தார்கள். மறுநாள் டெய்லி மிரர் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் செய்தி. யாரோ ஒரு லாரி டிரைவர் ஆத்திரம் தாங்காமல் தன் வீட்டு டிவியையே உதைத்து உடைத்துவிட்டார் என்று ஒரு துணைச் செய்தி வேறு.

இரண்டு நாள் கழித்து அதே லண்டனில் இன்னொரு கூத்து. பிங்க் ஃப்ளாய்டின் 'அனிமல்ஸ்' ஆல்பத்தின் அட்டைப்படத்துக்காக பாட்டர்ஸீ மின்நிலையத்தின் மேல் ஒரு ராட்சத பலூன் பன்றியைக் கட்டிப் பறக்கவிட்டிருந்தார்கள். அது கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. ஹீத்ரோ விமானங்களுக்கு இடைஞ்சல் செய்துவிட்டு, கடைசியில் கென்ட் பக்கம் ஒரு பண்ணையில் போய் விழுந்தது. பன்றி தப்பினால் சுட்டு வீழ்த்துவதற்கென்று முதல் நாள் ஒரு துப்பாக்கிக்காரரைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள். அது தப்பித்த நாளில் அவரை வரச்சொல்ல மறந்துபோனார்களாம்!

ராக் இசையின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு இந்த ஒரு வாரம் அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஒரு பக்கம் காசில்லாத, கிடார் சரியாக வாசிக்கத் தெரியாத, கோபக்காரப் பையன்கள். இன்னொரு பக்கம் பன்றியைப் பறக்கவிட்டு விளையாடும் கோடீஸ்வரர்கள். முதல் கோஷ்டி வந்தது, இரண்டாவது கோஷ்டி ஒழிந்தது, சுபம். 'பங்க் வந்து ப்ராக்கைக் கொன்றது' என்ற இந்தக் கதையை ஏறக்குறைய எல்லா ராக் ஆவணப்படங்களும் இன்றுவரை சொல்கின்றன.

இந்தக் கொலை வழக்கில் பிணத்தைத் தேடினால் கிடைப்பதில்லை. கொலையை நேரில் பார்த்ததாகச் சொல்லும் சாட்சிகள் எல்லோரும் ஒரே தொழில் செய்தவர்கள் என்பதும் உறுத்துகிறது. அத்தனை பேரும் பத்திரிகைக்காரர்கள்.

*

ப்ராக் என்பது ப்ராக்ரெசிவ் ராக்கின் செல்லச் சுருக்கம். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பியது. மூன்று நிமிடக் காதல் பாட்டு போதாது, ராக்கில் சிம்பொனி அளவுக்குப் பெரிய காரியங்களைச் செய்யலாம் என்று நம்பிய கூட்டம். கிங் க்ரிம்ஸன், யெஸ், ஜெனிசிஸ், எமர்சன் லேக் அண்ட் பாமர் (சுருக்கமாக ஈஎல்பி), ஜென்டில் ஜயண்ட், வான் டெர் க்ராஃப் ஜெனரேட்டர் என்று பட்டியல் நீளும். பிங்க் ஃப்ளாய்டையும் இதில் சேர்ப்பது வழக்கம். ஒற்றைப்படைத் தாளக்கட்டுகள், அடுக்கடுக்காக கீபோர்டுகள், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, இவையெல்லாம் அடையாளங்கள்.

சும்மா சொல்லக்கூடாது, இவர்கள் அடித்த கூத்தும் கொஞ்சநஞ்சமில்லை. யெஸ் 1973 டிசம்பரில் வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் டோபோக்ராஃபிக் ஓஷன்ஸ்' ஓர் இரட்டை ஆல்பம். நாலு பக்கம், நாலே பாட்டு, மொத்தம் 80 நிமிடம். பாடகர் ஜான் ஆண்டர்சன் ஜப்பான் சுற்றுப்பயணத்தின்போது பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதை' படித்துக்கொண்டிருந்தார். அதில் சாஸ்திரங்களின் நால்வகைப் பிரிவைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு வருகிறது. அந்த ஒரு அடிக்குறிப்பிலிருந்து முளைத்ததுதான் இந்த 80 நிமிடம். கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனுக்கே அது பிடிக்கவில்லை. மான்செஸ்டர் ஃப்ரீ ட்ரேட் ஹாலில் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போது, தன் பகுதி வரும்வரை பொழுது போகாமல், மேடையிலேயே உட்கார்ந்து சிக்கன் விந்தாலுவும் புலாவும் அப்பளமும் சாப்பிட்டார். கட்டுக்கதை இல்லை, அவரே பல முறை சொன்னதுதான். யோகானந்தருக்காகத் தொடங்கிய இசை இந்தியச் சாப்பாட்டில் போய் முடிந்தது :-)

அதே வேக்மன் யெஸ்ஸை விட்டு விலகி, ஆர்தர் மன்னரின் கதையை இசையமைத்து, 1975ல் வெம்ப்ளியில் பனிச்சறுக்கு நாடகமாக மூன்று இரவுகள் நடத்தினார். கூட்டம் வந்தது, பணம் போனது. ஈஎல்பி 1977ல் சுமார் 70 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவோடு அமெரிக்கச் சுற்றுப்பயணம் கிளம்பியது. சில வாரங்களில் கட்டுப்படியாகாமல் ஆர்கெஸ்ட்ராவை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. நிலையான செலவு என்றால் என்ன என்று பி.காம் முதலாண்டில் விளக்குவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் 70 பேருக்கும் சாப்பாடு போட்டாக வேண்டுமே.

ஆக, 1974, 75லேயே ப்ராக்குக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. 1974 செப்டம்பரில் ராபர்ட் ஃப்ரிப் கிங் க்ரிம்ஸனைக் கலைத்தார். பெரிய ராக் குழுக்களைக் கேலி செய்யும் 'டைனோசர்' என்ற சொல்லைப் பங்க் பையன்கள் கண்டுபிடித்ததாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். ஃப்ரிப் குழுவைக் கலைத்த சமயத்தில் கொடுத்த பேட்டியிலேயே, கனத்துப் பருத்த டைனோசர் நாகரிகத்தின் காலம் முடிகிறது, இனி சிறிய, நகரக்கூடிய, புத்தியுள்ள அலகுகள்தான் பிழைக்கும் என்ற பொருளில் பேசிவிட்டார். 1975ல் பீட்டர் கேப்ரியல் ஜெனிசிஸை விட்டு வெளியேறினார். அப்போது செக்ஸ் பிஸ்டல்ஸ் ஒரு மேடைகூட ஏறியிருக்கவில்லை.

இன்னொரு வில்லனும் உண்டு. வருமான வரி. அன்றைய பிரிட்டனில் சம்பாத்தியத்துக்கு உச்சவரி 83 சதவீதம். முதலீட்டு வருமானம் என்றால் 98 சதவீதம் வரை போகும். பணம் பார்த்த ராக் குழுக்கள் நாட்டை விட்டு ஓடாமல் என்ன செய்யும்? 1977ல் வெளிவந்த யெஸ்ஸின் ஆல்பமும் ஈஎல்பியின் ஆல்பமும் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ நகரில் பதிவானவை. வேலையில்லாதோர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டி, அரசாங்கமே ஐஎம்எஃப்பிடம் கடன் கேட்டுக் கை நீட்டிய 1976ல், ரசிகன் லண்டனில் வேலையில்லாமல் சுற்றுகிறான், அவன் நேசித்த குழு ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது. ரசிகனுக்கும் குழுவுக்கும் நடுவே தூரம் விழுந்துவிட்டது என்ற குற்றச்சாட்டு பொய்யில்லை. அந்தத் தூரத்தில் பாதியை அளந்து கொடுத்தது வரித்துறை, அவ்வளவுதான்.

*

இனி பத்திரிகைகள். அன்றைக்கு பிரிட்டனில் முக்கியமான இசை வார இதழ்கள் மூன்று. மெலடி மேக்கர் 1926லிருந்து வருகிறது. நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ் (எல்லோருக்கும் என்எம்இ) 1952ல் தொடங்கியது. மெலடி மேக்கரின் ஆசிரியராக இருந்த ஜாக் ஹட்டன் விலகிவந்து 1970ல் சவுண்ட்ஸ் இதழைத் தொடங்கினார். மெலடி மேக்கருக்கும் என்எம்இக்கும் முதலாளி ஒருவரே, ஐபிசி நிறுவனம். ஒரே வீட்டுக்குள் பங்காளிச் சண்டை!

ப்ராக்கின் பொற்காலம் மெலடி மேக்கரின் பொற்காலமும்கூட. யார் என்ன ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறார்கள், யார் விரல் வேகமானது என்று அக்கறையோடு எழுதிய பத்திரிகை அது. அதன் வாசகர் வாக்கெடுப்புகளில் யெஸ்ஸும் ஈஎல்பியும் வாரிக் குவித்தன. மறுபக்கம் பீட்டில்ஸ் காலத்தில் வாரம் 3 லட்சம் பிரதி விற்ற என்எம்இ, 1972ல் விற்பனை சரிந்து முடங்கிக் கிடந்தது. பன்னிரண்டு வாரத்தில் நிமிராவிட்டால் கடையை மூடிவிடுவோம் என்று ஐபிசி கெடு வைத்தது. அப்போது ஆசிரியர் ஆலன் ஸ்மித்தும் அவருக்குப் பின் நிக் லோகனும் செய்த காரியம், ஹிப்பி காலத் தலைமறைவுப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்த சார்ல்ஸ் ஷார் முர்ரே, நிக் கென்ட் போன்றவர்களைப் பிடித்துப் போட்டதுதான். இசையைப் பற்றிய தகவலைவிட எழுதுபவனின் தோரணைதான் சரக்கு என்று ஆனது. பத்திரிகை பிழைத்துக்கொண்டது. மெலடி மேக்கரை விற்பனையில் முந்தவும் செய்தது.

ஆக, பங்க் வருவதற்கு முன்பே பங்க்குக்கான வேலைவாய்ப்பு என்எம்இயில் காலியாக இருந்தது. மெலடி மேக்கர் கட்டிக்காக்கும் கோட்டையை இடிக்கிற புதுச் சேதி ஒன்று அதற்கு வியாபார ரீதியாகவே தேவைப்பட்டது.

சொல்கூடத் தயாராக இருந்தது. 'பங்க் ராக்' என்ற பெயரை இசைக்காரர்கள் வைத்துக்கொள்ளவில்லை. 1971 வாக்கில் அமெரிக்காவின் க்ரீம் பத்திரிகையில் டேவ் மார்ஷ், லெஸ்டர் பேங்ஸ் போன்ற விமர்சகர்கள் 1960களின் முரட்டு கராஜ் குழுக்களைக் குறிக்கப் புழங்கிய சொல் அது. அதே பேங்ஸ் 1974ல் ஈஎல்பியைக் கிழி கிழியென்று கிழித்து ஒரு கட்டுரை எழுதினார். ப்ராக் வெறுப்பு, பங்க் என்ற சொல், படித்தவன் இசையைவிட முரடன் இசையே நிஜம் என்ற சித்தாந்தம், மூன்றுமே விமர்சகர்களின் மேஜையில் பிறந்தவை. பாட்டுதான் பின்னால் வந்தது.

1976 பிப்ரவரியில் மார்க்கீ கிளப்பில் வேறொரு குழுவுக்கு முன்னோட்டமாக வாசித்த செக்ஸ் பிஸ்டல்ஸைப் பற்றி என்எம்இயில் நீல் ஸ்பென்சர் விமர்சனம் எழுதினார். அன்றைய முக்கியக் குழுவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை! எங்களுக்கு இசையில் ஆர்வமில்லை, கலகத்தில்தான் ஆர்வம் என்று பையன்கள் சொன்னது மட்டும் அச்சில் ஏறியது. வடக்கே மான்செஸ்டர் பக்கம் ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி என்று இரண்டு மாணவர்கள் அந்த விமர்சனத்தைப் படித்துவிட்டு லண்டனுக்குக் கிளம்பிப் போனார்கள். குழுவைத் தேடிப் பிடித்துத் தங்கள் ஊருக்கு அழைத்தார்கள். ஜூன் 4, டிக்கெட் 50 பென்ஸ். இடம் லெஸ்ஸர் ஃப்ரீ ட்ரேட் ஹால், அதாவது வேக்மன் விந்தாலு சாப்பிட்ட அதே கட்டடத்தின் சின்ன அரங்கு. வந்தவர்கள் சுமார் நாற்பது பேர்தான். அந்த நாற்பதிலிருந்து ஜாய் டிவிஷன் முளைத்தது, மோரிஸ்ஸி முளைத்தார், என்எம்இயின் பால் மோர்லி முளைத்தார். அன்றைக்கு நானும் இருந்தேன் என்று பிற்காலத்தில் சொன்னவர்களை எண்ணினால் பெரிய அரங்கே போதாது. அந்தச் சரித்திரப் புகழ்பெற்ற இரவில் பிஸ்டல்ஸுக்கு முன்னால் வாசித்தது யார் தெரியுமா? போல்டனிலிருந்து வந்த சோல்ஸ்டிஸ். நீளமாக முடி வளர்த்த, ப்ராக் சாயல் கொண்ட குழு. டெவோட்டோவும் ஷெல்லியும் அமைத்த பஸ்காக்ஸ் இன்னும் தயாராகவில்லை என்பதால் கிடைத்த வாய்ப்பு. வரலாற்றுப் புத்தகங்களில் அவர்களுக்கு அரை வரிதான்.

ஜூன் மாதமே என்எம்இயில் மிக் ஃபாரன் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ராக்கை டைட்டானிக் கப்பலாக உருவகித்து, நட்சத்திரங்கள் ரசிகனைவிட்டு வெகுதூரம் போய்விட்டார்கள் என்று முழங்கினார். அவருடைய கோபம் பெரும்பாலும் ரோலிங் ஸ்டோன்ஸ், தி ஹூ மாதிரியான பழைய பெருந்தலைகள் மேல்தான். தி க்ளாஷ் 1977 மார்ச்சில் முதல் தட்டின் மறுபக்கத்தில் போட்ட '1977' பாட்டில் பெயர் சொல்லி ஒதுக்கியதும் எல்விஸ், பீட்டில்ஸ், ஸ்டோன்ஸ் மூவரையே. யெஸ்ஸும் இல்லை, ஜெனிசிஸும் இல்லை.

பிறகு எப்படி ப்ராக் முதல் குற்றவாளி ஆயிற்று? எழுத வசதியாக இருந்தது என்பதைத் தவிர வேறு நல்ல காரணம் தெரியவில்லை. ஸ்டோன்ஸைத் திட்டினால் பாதி வாசகர்கள் முறைப்பார்கள். அந்த எழுத்தாளர்களே ஸ்டோன்ஸ் பக்தர்கள். ப்ராக்கில் உருவமும் உண்டு, நகைச்சுவையும் உண்டு, மேலங்கியும் (வேக்மனுடையது பளபளக்கும்), பன்றியும் உண்டு. எதிரி மெலடி மேக்கரின் செல்லப்பிள்ளை என்பது கூடுதல் லாபம்.

வர்க்கக் கதையையும் ஒட்டவைத்தார்கள். ஜெனிசிஸ் பையன்கள் சார்ட்டர்ஹவுஸ் என்ற பணக்காரப் பள்ளியில் படித்தவர்கள் என்பது உண்மைதான். யெஸ்ஸின் ஜான் ஆண்டர்சனோ அக்ரிங்டன் என்ற ஆலை நகரத்துக்காரர், லாரி ஓட்டிப் பிழைத்தவர். க்ளாஷின் ஜோ ஸ்ட்ரம்மர் வெளியுறவுத் துறை அதிகாரியின் மகன், விடுதிப் பள்ளியில் வளர்ந்தவர். எவர் பாட்டாளி, எவர் சீமான் என்பதைத் தலைமுடியின் நீளத்தை வைத்து முடிவு செய்தார்கள் போலிருக்கிறது.

என்எம்இ அந்தக் கோடையில் 'ஹிப்பான இளம் துப்பாக்கி வீரர்கள் தேவை' என்ற தொனியில் ஒரு விளம்பரம் போட்டது. வந்து சேர்ந்தவர்கள் டோனி பார்சன்ஸும் 17 வயது ஜூலி பர்ச்சிலும். பார்சன்ஸ் அதுவரை ஜின் மது ஆலையில் வேலை பார்த்தவர். 1978ல் இருவரும் சேர்ந்து ராக்குக்கே இரங்கல் எழுதி ஒரு புத்தகமும் போட்டுவிட்டார்கள். விமர்சகருக்கும் விமர்சிக்கப்படுபவருக்கும் நடுவே கோடு இல்லாத காலம் அது. நிக் கென்ட் 1975ல் பிஸ்டல்ஸின் ஆரம்பகால ஒத்திகைகளில் கிடார் வாசித்தவர். அடுத்த வருடம் 100 கிளப்பில் சிட் விஷியஸ் அவரையே சைக்கிள் செயினால் அடித்தார். என்எம்இயில் எழுதிக்கொண்டிருந்த க்ரிஸ்ஸி ஹைன்ட், மால்கம் மெக்லாரனின் கடையில் வேலையும் பார்த்தார், பிறகு தானே ப்ரிட்டெண்டர்ஸ் குழுவின் பாடகியும் ஆனார்.

இந்த ஜோதியில் ஒரு நிஜமான வெளியாள் மார்க் பெர்ரி. டெட்ஃபர்டில் வங்கி குமாஸ்தா. 1976 ஜூலையில் ராமோன்ஸைக் கேட்ட வேகத்தில் தட்டச்சு செய்து, ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பெழுதி, ஜெராக்ஸ் எடுத்து 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற கையேட்டைத் தொடங்கினார். முதல் இதழ் 50 பிரதிதான். (மூன்று கார்டுகளைப் படம் வரைந்து, இனி போய்க் குழு ஆரம்பி என்று சொல்லும் அந்தப் பிரபலமான படம் இதில் வந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். அது 1977 ஜனவரியில் 'சைட்பர்ன்ஸ்' என்ற வேறொரு கையேட்டில் வந்தது.) 12 இதழ்களோடு பெர்ரி கடையை மூடினார். வளர்ந்து பல ஆயிரம் விற்ற நேரத்தில் மூடினார் என்பதுதான் மரியாதைக்குரியது. பிறகு ஆல்டர்நேட்டிவ் டிவி என்று குழு ஆரம்பித்து, 1978ல் ஹியர் அண்ட் நவ் என்ற அக்மார்க் ஹிப்பிக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினார். பங்க் விசுவாசிகளுக்கு நெஞ்சு வலி வந்திருக்கும்.

*

ஜானி ராட்டன் என்கிற ஜான் லைடன், கடைகளில் விற்ற பிங்க் ஃப்ளாய்ட் டி-ஷர்ட்டின் மேல் பேனாவால் 'நான் வெறுக்கிறேன்' என்று எழுதி அணிந்தார். 1975ல் கிங்ஸ் ரோட்டில் அந்தச் சட்டையோடு திரிந்தபோதுதான் மெக்லாரனின் ஆட்கள் கண்ணில் பட்டார். பங்க்குக்கும் ப்ராக்குக்கும் ஜென்மப் பகை என்பதற்கு முதல் சாட்சியாக இந்தச் சட்டையைத்தான் காட்டுவார்கள்.

1977 ஜூலை 16 அன்று கேப்பிடல் ரேடியோவில் டாமி வான்ஸ் நிகழ்ச்சியில் அதே லைடன் தனக்குப் பிடித்த தட்டுகளைக் கொண்டுவந்து போட்டார். ஜமைக்காவின் ரெக்கே வந்தது. நீல் யங், டிம் பக்லி, கேப்டன் பீஃப்ஹார்ட் வந்தார்கள். ஜெர்மனியின் கான் வந்தது. ப்ராக்கின் உள்வட்டத்திலிருந்து, வான் டெர் க்ராஃப் ஜெனரேட்டரின் பீட்டர் ஹாமிலும் வந்தார், இரண்டு பாட்டு! அவை ஹாமிலின் 1975 ஆல்பமான 'நாடிர்ஸ் பிக் சான்ஸ்'ஸிலிருந்து எடுத்தவை. அதன் உறையில் ஹாமிலே எழுதிய குறிப்பில் 'பங்க்' என்ற சொல் வருகிறது, மெக்லாரனின் பையன்கள் மேடையேறும் முன்பே. வானொலியைக் கேட்ட மெக்லாரனுக்குக் கடும் கோபம். ஒன்றும் தெரியாத முரடன் என்று அவர் விற்றுக்கொண்டிருந்த பையன் இப்படி நாலும் கேட்ட ரசிகனாக வந்து உட்கார்ந்தால் வியாபாரம் என்னாவது? பிங்க் ஃப்ளாய்டை வெறுத்ததெல்லாம் ஒரு குறும்பு என்ற பொருளில்தான் லைடன் பிற்காலப் பேட்டிகளில் பேசினார்.

தி டாம்ன்ட் கதை இன்னும் தமாஷ். பிரிட்டனின் முதல் பங்க் சிங்கிளை (1976 அக்டோபர்) வெளியிட்டவர்கள். அவர்களுடைய கேப்டன் சென்சிபிள் ஒரு சாஃப்ட் மெஷின் பைத்தியம். இரண்டாவது ஆல்பத்தைத் தயாரிக்க பிங்க் ஃப்ளாய்டின் பழைய பாடகர் சிட் பாரெட்டைக் கேட்டார்கள். கிடைத்ததோ அதே குழுவின் டிரம்மர் நிக் மேசன். 1977 நவம்பரில் ஆல்பம் வந்தது, படுத்தது.

கல்லாப்பெட்டியைத் திறந்து பார்த்தால் பகை இன்னும் கரைந்துவிடுகிறது. பிஸ்டல்ஸை முதலில் ஒப்பந்தம் செய்த ஈஎம்ஐ (முன்பணம் 40,000 பவுண்டு), பிங்க் ஃப்ளாய்டின் கம்பெனி. ஈஎம்ஐ ப்ராக்குக்காகவே 1969ல் தொடங்கிய ஹார்வஸ்ட் முத்திரைதான் 1977ல் வயர் என்ற பங்க் குழுவின் 'பிங்க் ஃப்ளாக்'கை வெளியிட்டது. ஈஎம்ஐ கைவிட்டதும் 1977 மார்ச்சில் வந்த ஏ அண்ட் எம், 75,000 பவுண்டு கொடுத்து ஒரே வாரத்தில் பின்வாங்கியது. அதன் பிறகு பிஸ்டல்ஸை ஏற்றுக்கொண்ட வர்ஜின் கம்பெனி எந்தப் பணத்தில் நின்றது? 1973ல் மைக் ஓல்ட்ஃபீல்டின் 'ட்யூபுலர் பெல்ஸ்' விற்ற பணத்தில். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே இசைக்கோவை, பெரும்பாலான கருவிகளை ஒரே ஆள் வாசித்தது. ப்ராக் சம்பாதித்துக் கொடுத்த மூலதனத்தில் நின்ற கம்பெனிதான் பங்க்கின் தலைமைக் குழுவைக் கரையேற்றியது. பிஸ்டல்ஸின் பாட்டுகளைத் தயாரித்த கிறிஸ் தாமஸ், பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தின் ஒலிக்கலவையை மேற்பார்த்தவர். பதிவான வெஸ்ஸக்ஸ் ஸ்டுடியோவில்தான் 1969ல் கிங் க்ரிம்ஸனின் முதல் ஆல்பமும் பதிவானது. சொல்லப்போனால் சுவருக்குக்கூட வித்தியாசம் இல்லை.

1977ல் என்னதான் விற்றது? பிங்க் ஃப்ளாய்டின் 'அனிமல்ஸ்' ஆல்பப் பட்டியலில் 2ஆம் இடம். யெஸ்ஸின் 'கோயிங் ஃபார் தி ஒன்' ஆகஸ்டில் முதலிடம். ஈஎல்பி, பாடலே இல்லாத வெறும் வாத்திய சிங்கிள் ஒன்றை 2ஆம் இடம்வரை கொண்டுபோனது. பங்க் பக்கத்தில் க்ளாஷின் முதல் ஆல்பம் 12, டாம்ன்ட் 36. 'காட் சேவ் த க்வீன்' அதிகாரபூர்வப் பட்டியலில் 2, என்எம்இயின் சொந்தப் பட்டியலில் மட்டும் 1 (அதில் தில்லுமுல்லு இருந்தது, உண்மையில் அதுதான் முதலிடம் என்ற புகார் இன்றுவரை ஓயவில்லை). நவம்பரில் பிஸ்டல்ஸின் ஆல்பம் முதலிடம் பிடித்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வருடக் கடைசியில் வந்து 20 லட்சம் தாண்டி விற்ற முதல் பிரிட்டிஷ் சிங்கிள் பால் மெக்கார்ட்னியின் 'மல் ஆஃப் கின்டைர்'. மலையடிவாரம், மூடுபனி, பேக்பைப். புரட்சி நடந்த வருடத்தில் நாடு வாங்கியது அதைத்தான்.

அதன் பிறகும் பெரிய ப்ராக் குழுக்கள் செத்தபாடில்லை. 1979ல் 'தி வால்'. யெஸ், ஈஎல்பி, கிங் க்ரிம்ஸன் ஆட்கள் சேர்ந்து அமைத்த ஏஷியா குழுவின் முதல் ஆல்பம் 1982ல் அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடம். 1984 ஜனவரியில் யெஸ்ஸின் சிங்கிள் அங்கே முதலிடம். ஜெனிசிஸ் 1980களில் சம்பாதித்ததை எண்ணவே முடியாது. இவர்கள் எல்லோரும் பாட்டைச் சுருக்கிக்கொண்டார்கள் என்பது நிஜம். கொள்கையை விட்டார்கள் என்றும் சொல்லலாம், செலவைக் குறைத்தார்கள் என்றும் சொல்லலாம்.

அடி விழுந்தது நடுத்தட்டில்தான். பத்திரிகைத் தயவு இல்லாமலும் நிரம்பி வழியும் அரங்குகள் யெஸ்ஸுக்கு இருந்தன. ஜென்டில் ஜயண்டுக்கு இல்லை. ஆளுக்கு ஏழெட்டு வாத்தியம் வாசித்த, ஆனால் ஒருபோதும் பெரிதாக விற்காத குழு அது. 1977 ஆல்பத்தில் பங்க் சாயலில் ஒரு பாட்டைக்கூட முயன்று பார்த்தார்கள், எங்களால் முடியாதென்று நினைத்தீர்களா என்கிற தலைப்போடு. 1978ல் பாட்டுகளைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்கள். பழைய ரசிகனுக்குப் பிடிக்கவில்லை, புதியவன் கேட்கவில்லை. 1980ல் கலைத்துவிட்டார்கள். வான் டெர் க்ராஃப் 1978லேயே முடிந்துபோனது, ஜானி ராட்டனின் சிபாரிசு இருந்தும். பத்திரிகையின் ஏளனத்தைக் கோடீஸ்வரர்கள் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள், அதற்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள்.

பங்க் சாதித்தது எங்கே என்று கேட்டால், பஸ்காக்ஸின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவேண்டும். அந்த மான்செஸ்டர் கச்சேரியை நடத்திய அதே டெவோட்டோவும் ஷெல்லியும் 1976 டிசம்பர் 28 அன்று ஒரே நாளில் நாலு பாட்டைப் பதிவு செய்தார்கள். குடும்பத்திடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கியது 500 பவுண்டு. கம்பெனி வாசலில் போய் நிற்கவில்லை. தாங்களே நியூ ஹார்மோன்ஸ் என்று பெயர் வைத்து 1,000 தட்டு அச்சடித்தார்கள். ஆண்டு பிறந்ததும் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' வெளியானது. கடைசியில் விற்றது சுமார் 16,000. ஆல்ப்ஸ் தேவையில்லை, ஆர்கெஸ்ட்ரா தேவையில்லை, ஈஎம்ஐ தேவையில்லை என்று 500 பவுண்டில் நிரூபித்தது அந்தத் தட்டு. அதைப் பார்த்து நாடெங்கும் நூற்றுக்கணக்கில் சிறு கம்பெனிகள் கிளம்பின. ஃப்ரிப் சொன்ன சிறிய, நகரக்கூடிய, புத்தியுள்ள அலகு இதுதான்! பத்திரிகைகள் எழுதிய கொலைக் கதையைவிட இது எவ்வளவோ பெரிய சங்கதி. ஆனால் முதல் பக்கத்தில் படம் போட இதில் ஊக்கு குத்திய கன்னமும் இல்லை, பறக்கும் பன்றியும் இல்லை.

இசைக்காரர்கள் சீக்கிரமே இந்தப் பகையை மறந்தார்கள். டெவோட்டோ 1977லேயே பஸ்காக்ஸை விட்டு விலகி, கீபோர்டு நிறைந்த மேகசின் என்ற குழுவை அமைத்தார். முடியை வெட்டிச் சாயம் பூசி வந்த தி போலீஸ் குழுவில் டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லாண்ட் ப்ராக் குழுவான கர்வ்ட் ஏரிலிருந்து வந்தவர், கிடாரிஸ்ட் ஆண்டி சம்மர்ஸ் சாஃப்ட் மெஷினில் சில காலம் வாசித்தவர். 1980ல் டாம்ன்ட் வெளியிட்ட 'பிளாக் ஆல்பத்தில்' ஒரு பாட்டின் நீளம் 17 நிமிடம்.

எழுதியவர்கள் மறக்கவில்லை. வார இதழ்களில் எழுதிய இளைஞர்கள் வளர்ந்து புத்தகம் எழுதினார்கள், நாளிதழ்களில் பத்தி எழுதினார்கள், ஆவணப்படங்களில் தலைகாட்டினார்கள். சவுண்ட்ஸில் எழுதிய ஜான் சாவேஜின் 1991 புத்தகம்தான் பங்க் வரலாற்றில் இன்றும் முதலில் கைகாட்டப்படுவது (நல்ல புத்தகம், அதில் சந்தேகமில்லை). ப்ராக் தரப்பு வாதத்தை எழுதவேண்டிய மெலடி மேக்கர்காரர்கள் அதற்குள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். சவுண்ட்ஸ் 1991ல் நின்றது. மெலடி மேக்கர் 2000த்தில் பங்காளியான என்எம்இக்குள்ளேயே கரைந்தது. என்எம்இயின் அச்சு வார இதழ் 2018 மார்ச்சில் நின்றது. அந்த மாதமும் பிரிட்டனின் கடைகளில் 'ப்ராக்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை விற்றுக்கொண்டிருந்தது. 2009ல் தொடங்கியது.